கூகல் வந்த வழி

நூறு வருஷத்துக்கு முந்தைய லித்துவேனியா. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், சின்ன ஊர்களின் யூதத் தெருக்களில் பெண்களும் பிள்ளைகளும் மூடிபோட்ட பானையை ஏந்திக்கொண்டு ரொட்டிக்கடைக்கு நடப்பார்கள். பானை வாயைச் சுற்றி மாவு அப்பியிருக்கும், ஆவி வெளியே போகாமல் இருக்க. ரொட்டி சுட்டு முடித்து, நெருப்பு தணிந்து, செங்கல் மட்டும் தகித்துக்கொண்டிருக்கும் அடுப்புக்குள் ஊர்ப் பானைகளையெல்லாம் வரிசையாகத் தள்ளிவிட்டு கடைக்காரர் கதவை அடைப்பார். மறுநாள் வழிபாடு முடிந்து வரும்போது அவரவர் பானையை அடையாளம் பார்த்து எடுத்துப் போவார்கள்.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்போது முடியும். அந்த நேரத்துக்குள் தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் அதே ஓய்வுநாளில் நல்ல சாப்பாடு, அதுவும் சூடாக, சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் வழக்கம். வில்னா நகரப் பக்கம் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வெளியே பனி. ஏழை வீட்டில் இறைச்சி அரைக்கால் கிலோ இருந்தால் பெரிது. இத்தனை நெருக்கடிக்கும் நடுவே உருவான பண்டம்தான் உருளைக்கிழங்கு கூகல். துருவிய கிழங்கு, வெங்காயம், முட்டை, கொழுப்பு அல்லது எண்ணெய், உப்பு, மிளகு. ஆறே சாமான். சாமானைவிட அதில் அதிகம் செலவாவது நேரம்.

கூகலின் முதல் உருவத்தில் உருளைக்கிழங்கே கிடையாது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனி யூதர்கள் ரொட்டித் துண்டையோ மாவையோ பிசைந்து உருட்டி, சோலண்ட் என்ற ஓய்வுநாள் குழம்புப் பானைக்குள்ளேயே வைத்து ராத்திரி முழுக்க வேகவிட்டார்கள். பிறகு அதற்கென்று தனிச் சட்டி வந்தது. மாவை நூலாக அறுத்துப் போட்டார்கள், வசதி உள்ளவர்கள் சர்க்கரையும் உலர்திராட்சையும் சேர்த்தார்கள். துரத்தப்பட்டும் பிழைப்பு தேடியும் அவர்கள் கிழக்கே போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் போனபோது சட்டியும் கூடவே போயிற்று.

உருளைக்கிழங்கு அங்கே வந்து சேர்ந்தது வேறொரு வழியில், மிகவும் தாமதமாக. பெரு, பொலிவியா மலைகளில், டிட்டிகாகா ஏரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரான கிழங்கு, 16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஸ்பானியர் கப்பலேறி ஐரோப்பா வந்தது. ஐரோப்பியக் குடியானவர்கள் அதை எளிதில் நம்பவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1756-இல் ஆணை போட்டு நடச்சொல்ல வேண்டியிருந்தது. போலந்து, லித்துவேனியா ஏழைகளின் தட்டில் அது நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில். தானியம் பொய்த்த வருஷங்களில் ஒரு துண்டு நிலம் எத்தனை வயிற்றை நிரப்பும் என்ற கணக்கில் கிழங்கை மிஞ்ச எதுவும் இல்லை. ரஷ்யப் பேரரசு யூதர்கள் இன்ன மாகாணங்களில்தான் வாழலாம் என்று 1791 முதல் எல்லை கட்டி வைத்திருந்தது. அந்த எல்லைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த தையல்காரர், செருப்புத் தைப்பவர், வண்டிக்காரர் வீடுகளில் மூன்று வேளையும் கிழங்குதான். வாரத்தின் ஒவ்வொரு நாளையும் சொல்லி, அன்றைக்கும் கிழங்கே என்று புலம்பிக்கொண்டு போய், ஓய்வுநாளுக்கு மட்டும் மாறுதலாகக் கிழங்குக் கூகல் என்று முடியும் நாட்டுப்பாட்டு ஒன்று அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் உண்டு. பசியை அறிந்த கூட்டம் பாடிய பாட்டு.

யூதச் சமயவிதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே பந்தியில் சேரக் கூடாது. ஓய்வுநாள் பந்தியில் இறைச்சி இருப்பதால் வெண்ணெய் போட முடியாது. ஆகவே வாத்துக் கொழுப்பு, கோழிக் கொழுப்பு, பிற்காலத்தில் எண்ணெய். கோதுமை இல்லாமலும் செய்ய முடிந்ததால், புளிக்கும் தானியத்தை வீட்டைவிட்டே விலக்கும் பஸ்கா பண்டிகைக்கும் இது பொருந்தியது. விதிகள் ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் மிஞ்சியவற்றைக் கொண்டு செய்த பலகாரம் இது. அதனால்தான் இதில் கூட்டவும் இடமில்லை, குறைக்கவும் இடமில்லை என்று நான் நினைக்கிறேன்.

மிளகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலந்தின் தென்பகுதி யூதர்கள் தித்திப்பை விரும்பினார்கள், லித்துவேனிய யூதர்கள் மிளகை. அந்த மிளகுக்கும் நம் கர்நாடகக் கரைக்கும் பழைய உறவு. துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் ஏடன் வழியாக வந்து 1132 வாக்கில் மங்களூரில் குடியேறினார். துளுநாட்டுப் பெண் ஒருத்தியை மணந்து, பதினேழு ஆண்டு அங்கே இருந்து, மிளகும் இரும்பும் வெண்கலப் பாத்திரமும் மேற்கே ஏற்றி அனுப்பினார். அவருடைய கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துப் பழஞ்சுவடிக் குவியலில் கிடைத்தன. எஸ். டி. கோய்ட்டீன் என்ற அறிஞர் அவற்றைப் படித்து வெளிக்கொணர்ந்தார். எழுத்தாளர் அமிதாவ் கோஷ் அந்த வணிகரைப் பற்றி 1992-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கூகலில் விழும் கிழங்கு எங்கெங்கோ சுற்றி நம்மிடம் வந்தது. மிளகோ நம்மிடமிருந்து போனது.

1880-களில் ரஷ்யாவில் யூதர்கள்மீது கலவரங்கள் மூண்டபின் லட்சக்கணக்கானோர் நியூயார்க்குக்கும் பிற ஊர்களுக்கும் கப்பலேறினார்கள். கூகலும் போனது. கையால் துருவும்போது விரல்முட்டி கிழிந்து ரத்தம் வரும். பாட்டியின் கூகல் ருசிக்கு அதுவே காரணம் என்று அங்கே பேரப்பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம். லித்துவேனியாவில் தங்கிவிட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். நாஜி ஆக்கிரமிப்பில் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் 1941-இன் சில மாதங்களுக்குள். இன்றைக்கு லித்துவேனியாவில் இதே பண்டம் பாலும் பன்றிக்கொழுப்பும் சேர்த்து, கூகெலிஸ் என்ற பேரில் தேசிய உணவுபோல் ஓட்டலுக்கு ஓட்டல் கிடைக்கிறது. பெயர் தந்த தெருக்களில் அந்த ஜனங்கள் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கூகலைத் துருவக் கூடாது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் யூதர்கள் உண்டு: கொச்சி, கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயேல், கல்கத்தா–பம்பாய் பாக்தாதி யூதர்கள். மூன்று கூட்டத்தார் அடுப்பிலும் கூகல் இருந்ததில்லை, அது வட ஐரோப்பியக் குளிரின் பண்டம். ஆனால் கல்கத்தாவில் அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு: ஆலூ மக்கலா. 1798-இல் அலெப்போக்காரர் ஷாலோம் கோஹன் வந்து சேர்ந்ததோடு தொடங்கிய கல்கத்தா யூதச் சமூகத்தின் பண்டம் அது. முழுக் கிழங்கைத் தோல்சீவி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, எண்ணெயில் மூழ்கவைத்து, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விடுவார்கள். வெளியே கடகடவென்று ஓடு கட்டும், உள்ளே வெண்ணெயாக இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி கோழி வறுவலோடு வரும். லித்துவேனியாவும் கல்கத்தாவும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: கிழங்கு, கொழுப்பு, பொறுமை, முறுகல். 1902-இல் தொடங்கி, இப்போது நியூ மார்க்கெட்டில் நடக்கும் நாஹூம் ரொட்டிக்கடை அந்தச் சமூகத்தின் மிச்சம். கல்கத்தா போகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

நாங்கள் இருக்கும் பெங்களூரும் யூதர்களுக்குப் புதிய ஊர் அல்ல. நகரத்தின் மேற்குப் பக்கம் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1904-இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தந்த நிலம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ரூபின் மோசஸ் என்ற பாக்தாதி யூதரின் செருப்புக்கடை ஒரு காலத்தில் பேர்போனது. ஹிட்லர் ஆட்சியில் வேலையும் நாடும் இழந்த பெர்லின்காரர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்தார். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அவர் வரைந்த கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அவருடைய தாய்மாமன் உறவான இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் அதற்கு முன்பே, 1935–36-இல், சி. வி. ராமன் அழைப்பில் அதே கழகத்தில் சில மாதம் பணியாற்றியவர்.

எங்கள் லிங்கராஜபுரத்துக்குக் கூகல் புத்தகம் வழியாக வந்தது. கெய்ரோவில் பிறந்த கிளாடியா ரோடன் 1996-இல் எழுதிய யூத உணவு நூல், சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நூலை அவர் இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்: ஒரு பாதி கூகல் பிறந்த வட, கிழக்கு ஐரோப்பிய உலகம், மறு பாதி பாக்தாத், கல்கத்தா, கொச்சியெல்லாம் சேர்ந்த உலகம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சமைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது அங்கேதான்.

லிங்கராஜபுரமும் இதற்குத் தோதான இடம். காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், கம்மனஹள்ளிக்கு நடுவே, தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் மலையாளமும் ஒரே சந்தில் கேட்கும் பேட்டை. இங்கே ஓவன் என்பது நேற்று வந்த பொருள் அல்ல. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டில் பிசைந்த கேக் மாவைத் தட்டில் ஊற்றி, அடையாளச் சீட்டு வைத்து, தெருமுனை பேக்கரி அடுப்பில் சுடக் கொடுத்து வாங்கும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பானையைச் சுமந்துபோன லித்துவேனியாவின் பிள்ளைகளை இங்கேயுள்ள பெரியவர்களிடம் விளக்கவே வேண்டாம், சொன்னவுடன் புரிந்துகொள்வார்கள்.

இனிக் கிழங்கு. கூகலின் நல்லது கெட்டதில் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

கர்நாடகத்தில் ஹாசன், சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்கள் உருளைக்கிழங்குக்குப் பேர்போனவை. ஹாசனில் மே, ஜூன் மழைக்கு விதைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் தோண்டுவார்கள். விதைக்கிழங்கு பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து லாரியில் வரும். பெரும்பாலும் குஃப்ரி ஜோதி ரகம், சிம்லா ஆராய்ச்சி நிலையத்தார் 1968-இல் வெளியிட்டது. மழைக்காலப் பயிர் என்பதால் பின்கருகல் நோய் எப்போதும் வாசலில் நிற்கும். 1845 முதல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய அதே நோய்தான் ஹாசன் வயலிலும் ஒரு வாரத்துக்குள் இலையைக் கருக்கிவிடுகிறது. விதைக்கும் மருந்துக்கும் கடன் வாங்கிய விவசாயிக்கு அந்த ஒரு வாரம் போதும், வருஷமே போய்விடும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

காலையில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிக்காரர் "ஆலூகட்டே, ஈருள்ளி" என்று கன்னடத்தில் கூவிவிட்டு, வாசலில் நின்றால் தமிழில் பேசுவார்.

"அண்ணா, இது கோலார் கிழங்கா, வடக்கேருந்து வந்த கோல்டு ஸ்டோரேஜ் கிழங்கா?"

"லோக்கல்தான்க்கா. மண்ணு பாருங்க, சிவப்பா ஒட்டியிருக்கு. அது வேணும்னா வேற மூட்டைல இருக்கு, வெளுப்பா கழுவுன மாதிரி."

இந்தக் கேள்வி வீண் அல்ல. குளிர்பதனக் கிடங்கில் மிகவும் குளிர வைத்த கிழங்கில் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாகும். ஓவனில் வைத்தால் வேகுமுன்பே மேலே கருத்துவிடும், வாயில் அசட்டுத் தித்திப்பு தட்டும். அதேபோல் தோல் உரியும் புதுக்கிழங்கிலும் தண்ணீர் அதிகம், மாவு குறைவு. தோண்டி இரண்டு மூன்று வாரம் ஆறிய, தோல் கெட்டிப்பட்ட, முளைவிடாத கிழங்குதான் வேண்டும். ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

வீட்டு ஓவனில் எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு ஒன்றேகால் கிலோ கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், நான்கு முட்டை, 100 மில்லி எண்ணெய், இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த மிளகு. மிளகு குடகு மிளகாக இருந்தால் வாசனை தூக்கும். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ரத்தப்புள்ளி இருந்தால் யூத வீட்டில் அதை விலக்குவார்கள். நம் வீடுகளிலும் கூமுட்டைக்குப் பயந்து இதையே செய்கிறோம்.

முதலில் ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெய் ஊற்றிய தட்டை அதற்குள் வைத்துவிட வேண்டும். பிறகுதான் துருவத் தொடங்க வேண்டும், ஏனென்றால் துருவிய கிழங்கு காத்திருக்காது, கண்முன்னே சிவந்து, பழுப்பாகி, சாம்பல் நிறமாகும். வெங்காயத்தையும் கிழங்கையும் மாற்றி மாற்றித் துருவினால் நிறம் மாறுவது தாமதப்படும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் நிறம் மாற்றும் நொதியைத் தடுத்துவைக்கின்றன. பழைய பாட்டிகளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது, பழக்கம் தெரியும். கேரட் அல்வாவுக்குத் துருவும் பெட்டித் துருவியின் நடுத்தரக் கண் சரியாக இருக்கும். மிக்சியில் அடித்தால் கூழாகி, வெந்தபின் ரப்பராகிவிடும்.

துருவியதை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, ஒரு கிண்ணத்துக்கு மேலே முறுக்கிப் பிழிய வேண்டும். கை வலிக்கும்வரை பிழியுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை ஐந்து நிமிஷம் அசையாமல் விட்டு மேல்நீரை இறுத்தால், அடியில் வெள்ளைவெளேரென்று மாவு படிந்திருக்கும், விரல் வைத்தால் இறுகும், எடுத்தால் வழியும். அதை வழித்துத் திரும்பக் கிழங்கில் போட்டுவிட வேண்டும். கூகலைக் கட்டிநிறுத்துவது அதுவே. மைதாவோ கடலைமாவோ தேவையே இல்லை.

முட்டை, உப்பு, மிளகு சேர்த்துக் கிளறி, சூடான தட்டை வெளியே எடுத்து, அதிலிருக்கும் எண்ணெயில் பாதியைக் கலவைக்குள் ஊற்றி ஒரு கிளறு கிளறி, மீதி எண்ணெய் மேலேயே கலவையைக் கொட்ட வேண்டும். அப்போது சொய்யென்ற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் தட்டு சூடாகவில்லை என்று பொருள், அடியில் முறுகல் பிடிக்காது. 220-இல் இருபது நிமிஷம், பிறகு 180-க்குக் குறைத்து ஒரு மணி நேரம். நடுவே மின்சாரம் போனால் பதற வேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் உள்சூடு காப்பாற்றும், வந்தபின் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டால் சரியாகும். ஓரம் தட்டைவிட்டு விலகி, மேல்புறம் கல்லில் முறுகிய அடைபோல் செம்பழுப்பாகி, கத்தியால் தட்டினால் கடகடக்க வேண்டும். எடுத்து இருபது நிமிஷம் ஆறவிட்டே துண்டுபோட வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிரும்.

ஓரத் துண்டுக்குத்தான் எங்கள் வீட்டிலும் போட்டி. மூன்று பக்கம் முறுகல், உள்ளே மிளகு காரத்தோடு மெத்தென்ற வெள்ளை. தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம், கோழிக் குழம்பு இருந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

செய்து கொடுத்த இடங்களிலெல்லாம் ஒரே யோசனை வருகிறது: கொஞ்சம் மஞ்சள், இரண்டு பச்சை மிளகாய், கொத்தமல்லி, மேலே சீஸ். பெங்களூர்க்காரர்களுக்கு இது இயல்பு. மசால் தோசைக்குள் வைக்கும் கிழங்குப் பல்யாவே அப்படித்தானே. அப்படிச் செய்தாலும் நன்றாகவே இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கூகல் என்ற பேரில் அதைச் செய்யக் கூடாது. சீஸ் போட்டால் இறைச்சிப் பந்தியிலிருந்தே அது தள்ளிப்போகிறது. மசாலா போட்டால் கிழங்கின் ருசி பின்னுக்குப் போகிறது. வேறு எதுவும் கிடைக்காதவர்கள், கிடைத்த ஒன்றை எவ்வளவு தூரம் ருசியாக்க முடியும் என்று முயன்று கண்ட பலகாரம் இது. கிழங்கே பேசட்டும் என்று விட்டால்தான் அவர்கள் உழைப்பு நமக்குத் தெரியும்.

ஆகவே மசாலா டப்பாவைத் திறக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை செய்து பாருங்கள். பெங்களூரில் பொழுதுசாய ஆறு, ஆறரை ஆகும். நான்கு மணிக்குத் துருவத் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேசைக்கு வந்துவிடும். மிஞ்சினால் மறுநாள் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சிறு தீயில் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் வைத்தால் முறுகல் செத்துவிடும். வண்டிக்காரரிடம் மட்டும் கேட்டு வாங்குங்கள்: மண் ஒட்டிய, தோல் கெட்டியான, கிடங்குக் குளிரில் கிடக்காத கிழங்கு.